வாட்டமும் மருந்தும் – செஞ்சிக் குன்றுகளின் மூலிகைகளை முன்வைத்து

(இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

செஞ்சி என்ற அளவில் நெஞ்சில் எழுவன இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று மலைகள். அவற்றை வளைத்துக் கிடக்கும் மதில்கள். 1714-இல் களத்தில் வீழ்ந்த தேசிங்கு ராசனின் கதை. 2025-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் யுனெஸ்கோ நிறுவனம் மராட்டியர் காலப் படைநிலக் கோட்டைகள் பன்னிரண்டினை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, மகாராட்டிரத்திற்கு வெளியே அவ்வரிசையில் இடம்பெற்ற ஒரே கோட்டை செஞ்சியே ஆயிற்று. இவ்வூரார் பெருமை கொள்ளத்தக்க செய்தி அது.

கல்லுக்குக் கிடைத்த இச்சிறப்பினூடே, அக்கல்லின் இடுக்கில் வாழும் மற்றொரு குடியையும் எண்ணிப் பார்த்தல் தகும். பிரண்டையும் நன்னாரியும் வெட்பாலையும் ஆவாரையும் சீந்திலும் நிலவேம்பும் அக்குடியைச் சேர்ந்தவை. மன்னர் மாறினர், கொடிகள் மாறின, இம்மூலிகைகள் இடம்பெயரவில்லை. இடம்பெயர இயலாமையே அவற்றின் வாழ்க்கை. நீர் வற்றினால் விலங்கு வேறிடம் தேடும். பறவை பறந்து போகும். மனிதன் ஊரைவிட்டுப் புறப்படுவான். செடி நின்ற இடத்திலேயே நின்று வறட்சிக்கு விடை சொல்லியாக வேண்டும். அந்த விடையிலேயே மனிதன் மருந்தென்று கொள்ளும் பொருளின் பெரும்பகுதி பிறக்கிறது என்பதும், அவ்விடைக்கும் ஓர் எல்லை உண்டு என்பதும் இவ்வுரையின் பொருள்.

பாலை: நிலமா, நிலையா?

தொல்காப்பியர் முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் ஆகிய நான்கிற்கும் நிலம் வகுத்தார். பாலைக்குத் தனி நிலம் வகுத்திலர். வேனிலும் நண்பகலும் பின்பனியும் ஆகிய பொழுதுகளையே பாலைக்குக் கூறினார். இளங்கோவடிகள் காடுகாண் காதையில் முல்லையும் குறிஞ்சியும் கோடை வெம்மையால் தம் இயல்பு கெட்டுப் பாலையாகும் திறத்தை எடுத்துரைப்பார். பாலை என்பது ஓரிடத்தின் பெயரன்று. எவ்விடத்திற்கும் நேரக்கூடிய ஒரு நிலையின் பெயர் என்பதே இவ்விருவரும் உணர்த்தும் கருத்து.

இன்றைய தாவர உடலியல் அறிஞர் வறட்சியை நோக்கும் முறையும் இதற்கு மிக நெருங்கியது. மழையளவு குறைந்த நாட்டில் மட்டும் வறட்சி உண்டாவதில்லை. வேர் உறிஞ்சும் நீரைவிட இலை இழக்கும் நீர் மிகுமாயின், அக்கணத்திலேயே செடிக்கு வறட்சி தொடங்கிவிடுகிறது. ஆற்றங்கரைச் செடிக்கும் சித்திரை நண்பகலில் சிறுபொழுது வறட்சி உண்டு. செஞ்சிக் குன்றின் பாறை இடுக்கில் ஒரு சாண் மண்ணில் நிற்கும் செடிக்கோ, மழை ஓய்ந்த சில நாட்களிலேயே அது தொடங்கிவிடும்.

செஞ்சிப் பகுதிக்குத் தென்மேற்குப் பருவக்காற்றாலும் ஓரளவு மழை உண்டு. எனினும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் வடகிழக்குப் பருவமழையே பேராதாரம். மார்கழியில் அம்மழை ஓய்ந்தபின், மாசி முதல் கோடைமழை காணும்வரை குன்றுகள் காயும். பின்பனியையும் வேனிலையும் பாலைக்குரிய பொழுதுகளாக வகுத்த முறை, இம்மலைகளைப் பார்ப்போர்க்குக் கண்கூடு.

வாடலின் படிநிலைகள்

தமிழில் செடியின் துன்பத்தைக் குறிக்கும் சொற்கள் பல. வாடுதல், சோர்தல், துவளுதல், சுருளுதல், கருகுதல், உலர்தல், பட்டுப்போதல் என அவை நீளும். இவை ஒருபொருட் பன்மொழிகள் அல்ல. ஒன்றன்பின் ஒன்றாக வரும் படிகள். நண்பகலில் வாடிய கீரை அந்தியில் நிமிரும். அதனைப் பட்டுப்போயிற்று என்று உழவர் எவரும் சொல்லார். பட்டுப்போன மரம் மீளாது என்பதை அச்சொல்லே அறிவித்துவிடுகிறது.

தாவரவியலாரும் தற்காலிக வாடல், நிலையான வாடல் என இரண்டாகப் பகுப்பர். முன்னதில் பகலில் இழந்த நீரை இரவில் வேர் ஈடுசெய்துவிடும். பின்னதில் மண்ணிலுள்ள எஞ்சிய நீரை மண் துகள்கள் இறுகப் பற்றிக்கொள்ளும். வேரால் அதனைப் பிரித்தெடுக்க இயலாது. மண்ணில் ஈரம் அறவே இல்லாமற் போகுமுன்பே செடிக்கு அது இல்லாத பொருளாகிவிடுகிறது. புல்லும் மரமும் தொடுவுணர்வு ஒன்றையே உடைய ஓரறிவுயிர் எனத் தொல்காப்பியம் வகைப்படுத்தும். அவ்வோரறிவுயிரின் வேர், மண்ணின் ஈரம் குறைவதை முன்னரே உணர்ந்து இலைக்குச் செய்தி அனுப்புகிறது என்று இன்றைய ஆய்வு கூறுவது வியப்பிற்குரியது.

கதவடைத்த கோட்டை

அச்செய்தியைக் கொண்டு செல்லும் பொருள்களுள் தலையாயது அப்சிசிக் அமிலம் என்னும் வளரூக்கி. வறட்சியின்போது இது செடியினுள் பெருகும். இலையின் தோலில் கண்ணுக்குப் புலனாகாத நுண்ணிய இலைத்துளைகள் உள்ளன. ஒவ்வொன்றின் இருமருங்கும் காவலர் போல் இரு செல்கள் நிற்கும். அவற்றைக் காப்புச் செல்கள் என்றே நூலோர் வழங்குவர். அப்சிசிக் அமிலம் வந்து சேர்ந்ததும் அச்செல்கள் தம்முள் இருந்த நீரை இழந்து தளரும், துளை மூடிக்கொள்ளும், இலையிலிருந்து நீராவி வெளியேறுவது குறையும்.

செஞ்சி வரலாறு அறிந்தோர்க்கு இந்நிலை எளிதில் விளங்கும். 1690 முதல் 1698 வரை மொகலாயப் படை இக்கோட்டையை முற்றுகையிட்டிருந்தது. கோட்டையினுள் நீர்ச்சுனைகளும் குளங்களும் களஞ்சியங்களும் இருந்தமையால் நெடுங்காலம் தாங்க முடிந்தது. கலியாண மகாலுக்குச் சுடுமண் குழாய்கள் வழியே நீர் வந்த சுவடு இன்றும் பேசப்படுகிறது. எனினும், கதவை அடைத்தல் பகையை மட்டும் தடுப்பதில்லை. உணவு வருகையையும் தடுக்கும். செடிக்கும் அதே இடர்ப்பாடு. நீர் வெளியேறும் வாயிலே கரியமிலவாயு உள்ளே வரும் வாயில். வாயிலை மூடினால் நீர் நிற்கும். ஆனால் உணவு சமைக்கும் மூலப்பொருளும் நின்றுபோகும். தாகத்தால் சாவதா, பசியால் மெலிவதா என்னும் இரண்டிற்கும் இடையே நாள்தோறும் முடிவு செய்வதே வறட்சிக்காலத்துச் செடியின் வாழ்வு.

குன்றின் குடிகள் கண்ட வழிகள்

இவ்விடர்ப்பாட்டைத் தீர்க்க ஒவ்வொரு மூலிகையும் ஒவ்வொரு வழியைக் கண்டுள்ளது.

வெட்பாலை இலையுதிர்க்கும். நீரை இழக்கும் பரப்பையே குறைத்துவிட்டு வெறுங்கிளையோடு நிற்பது அதன் உத்தி. வேனிலில் வெண்ணிறப் பூக்களோடு அது மீண்டும் தழைக்கும். அவ்விலையைத் தேங்காய் எண்ணெயில் இட்டு வெயிலில் வைத்து எடுக்கும் தைலம் காளாஞ்சகப்படை என்னும் தோல்நோய்க்குச் சித்த மருத்துவத்தில் பெயர்பெற்றது. வெயிலுக்கு அஞ்சி உதிர்க்கும் இலையின் மருந்தை, அவ்வெயிலே வெளிக்கொணர்கிறது.

பிரண்டை வேறு வழி கொண்டது. அதன் சிறிய இலைகள் வறட்சியில் உதிர்ந்துவிட, நாற்கோணத் தண்டே பச்சையம் தாங்கி இலையின் பணியைச் செய்யும். அத்தண்டு பகலில் துளைகளை அடைத்து, இரவின் குளிர்ச்சியில் திறந்து கரியமிலவாயுவை ஏற்கும். அதனை மாலிக் அமிலமாக்கிச் செல்லினுள் சேமிக்கும். பகலில் கதவை மூடியபடியே அச்சேமிப்பிலிருந்து உணவு சமைக்கும். கற்றாழையும் இவ்வகையினதே.

இவ்வியல்பு அறியப்பட்ட வரலாற்றில் தமிழகத்தோடு தொடர்புடைய ஒருவர்க்கும் இடம் உண்டு. பெஞ்சமின் ஹைன் என்பார் தரங்கம்பாடிக்குச் சமயப் பணியாளராக வந்து, பின்னர்க் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாராகப் பணியாற்றியவர். இரணகள்ளியின் இலையை விடியலில் மென்றால் புளிப்பதும், நண்பகலில் சுவையற்றிருப்பதும், மாலையில் சற்றே கைப்பதும் கண்டு அவர் இலண்டனுக்கு எழுதினார். 1815-இல் இலின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் அது அச்சாயிற்று. இரவில் சேர்ந்த அமிலம் பகலில் செலவாகிறது என்னும் உண்மையை நாவினாலேயே கண்ட பெருமை அவருக்குரியது. இரணகள்ளியை வீட்டோரத்தில் வளர்த்த பாட்டிமார் காலையில் பறித்தனரா, மாலையில் பறித்தனரா என்பதும் பொருளுள்ள வினாவே என்பது இதனால் விளங்கும்.

நன்னாரி மண்ணுக்குள் ஒளிந்துகொள்ளும். மேலுள்ள மெல்லிய கொடி கருகினாலும், மணமுள்ள வேர் உயிரோடு இருந்து மழை கண்டதும் புதிதாகத் துளிர்க்கும். சீந்திற்கொடியோ நிலத்தொடர்பு அறுபட்டாலும் மரத்தின்மேல் தொங்கியபடியே காற்றில் விழுதிறக்கி மீண்டும் மண்ணைத் தேடும். அமிர்தவல்லி என்னும் பெயரை முன்னோர் அதற்கு இட்டது வெறும் புகழ்ச்சியன்று, கண்டறிந்த உண்மை.

பாறை இடுக்குகளிலும் பழஞ்சுவர்களிலும் வளரும் சிறு பெரணி ஒன்று உண்டு. மயிற்றோகை போல் விரியும் அதனை ஆக்டினியாப்டெரிஸ் என்பர் தாவரவியலார். கோடையில் அது முற்றும் சுருண்டு, சருகென்றே தோன்றும். மழைத்துளி பட்டதும் விரிந்து பசுமை கொள்ளும். பட்டுப்போயிற்று என்னும் சொல்லுக்கு அடங்காத உயிர் அது.

மருந்து பிறக்கும் இடம்

இனி, இவ்வுத்திகளுக்கும் மருந்திற்கும் உள்ள உறவினை நோக்கலாம்.

இலைத்துளை மூடிய பின்னும் கதிரவன் காய்வதை நிறுத்துவதில்லை. பச்சையம் ஒளியைப் பற்றிக்கொண்டே இருக்கும். ஆனால் அவ்வாற்றலைக் கொண்டு சமைக்கக் கரியமிலவாயு உள்ளே இல்லை. அடுப்பு எரிகிறது, உலையில் அரிசி இல்லை. செலவாகாத ஆற்றல், பிராணவாயுவைக் கேடு பயக்கும் வடிவங்களாக மாற்றிச் செல்லின் சவ்வுகளையும் புரதங்களையும் அரிக்கத் தொடங்கும்.

இதனைத் தடுக்கச் செடி பல ஏற்பாடுகளைச் செய்கிறது. புரோலின் முதலிய சிறு மூலக்கூறுகளைச் சேர்த்துச் செல்லினுள் நீரை நிறுத்திக்கொள்கிறது. வாடிய புல்லில் புரோலின் பெருகுவதை 1954-இலேயே கெம்பிள், மக்பெர்சன் என்னும் இருவர் கண்டறிந்தனர். கேடு பயக்கும் பிராணவாயு வடிவங்களை அழிக்கும் நொதிகளையும் செடி பெருக்கிக்கொள்கிறது. அதனோடு, மிஞ்சிய ஆற்றலைச் செலவிட்டு ஆல்கலாய்டுகள், பீனால்கள், டெர்பீன்கள் முதலியவற்றையும் ஆக்குகிறது. இவை செடியின் அன்றாட வளர்ச்சிக்கு இன்றியமையாதன அல்ல என்பதால் இரண்டாம்நிலைப் பொருள்கள் எனப்பட்டன. மருத்துவர்க்கோ இவையே முதல்நிலைப் பொருள்கள். நிலவேம்பின் கசப்பும் நித்தியகல்யாணியின் மருந்தும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே.

செருமனியின் பிரவுன்சுவைக் நகர ஆய்வாளர் செல்மாரும் அவர்தம் குழுவினரும், வறட்சியில் மிஞ்சும் ஆற்றலே இப்பொருள்களின் பெருக்கத்திற்குக் காரணம் என 2013-இல் விரிவாக விளக்கினர். அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே தமிழகத்தில், அதுவும் 1993-இல் விழுப்புரம் மாவட்டம் பிரியும்வரை செஞ்சியும் அடங்கியிருந்த பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில், இவ்வாய்வு நிகழ்ந்துள்ளமை குறிப்பிடத்தக்கது.

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துத் தாவரவியல் துறையினர் நித்தியகல்யாணிச் செடிகளை எடுத்துக்கொண்டனர். சிலவற்றிற்கு இடைவிடாது நீர் பாய்ச்சினர். ஏனையவற்றிற்கு 10, 15, 20 நாள் இடைவெளிகளில் நீரை நிறுத்தினர். 2007-இல் வெளியான முடிவுகளின்படி, நீர் குறைந்த செடிகளில் புரோலினும் கிளைசின் பீட்டெயினும் மிகுந்தன; காப்பு நொதிகளின் செயற்பாடு உயர்ந்தது; இண்டோல் ஆல்கலாய்டுகளின் அளவும் கூடியது. இச்செடியின் வேரிலுள்ள அஜ்மாலிசின் குருதியோட்டக் கோளாறுகளுக்குப் பயன்படுவது. இலையிலிருந்து பெறும் வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் என்னும் இரண்டும் 1960-களின் தொடக்கம் முதல் புற்றுநோய் மருத்துவத்தில் இடம்பெற்றவை. மடகாசுகரிலிருந்து வந்து சுடுகாட்டு ஓரத்திலும் தழைப்பதால் சுடுகாட்டு மல்லி என்று ஒதுக்கப்பட்ட ஒரு செடி, குழந்தைகளின் குருதிப் புற்றுநோய்க்கு மருந்தளித்து வருகிறது.

செறிவு வேறு, அளவு வேறு

இவ்வளவும் கேட்டோர்க்கு, வறட்சி மூலிகைக்கு நல்லது என்றொரு எண்ணம் எழக்கூடும். மேட்டு நிலத்து மூலிகைக்கே வீரியம் மிகுதி என்னும் நாட்டு வழக்கும் அதற்குத் துணை நிற்கும். அவ்வழக்கில் உண்மை உண்டு. ஆனால் பாதி உண்மையே உண்டு.

ஒரு கணக்கால் இதனை விளக்கலாம். நன்கு நீர்பெற்ற செடியொன்று 100 கிராம் உலர்ந்த இலை தருவதாகவும், அதில் மருந்துப்பொருள் நூற்றுக்கு 2 பங்கு இருப்பதாகவும் கொள்வோம். மருந்து 2 கிராம். அதே செடி வறட்சியில் மெலிந்து 50 கிராம் இலையே தருகிறது. ஆனால் மருந்துப்பொருள் நூற்றுக்கு 3 பங்காக உயர்ந்துள்ளது. செறிவு ஒன்றரை மடங்கு ஆயிற்று. கிடைத்த மருந்தோ 1.5 கிராம். இலையைக் கிள்ளிச் சுவைப்பவர் கசப்பு ஏறியதென்பார். கூடையை நிறுப்பவர் குறைந்ததென்பார். இருவர் கூற்றும் மெய்யே.

இதனினும் முக்கியமானது எல்லை. மிதமான வறட்சியில் செடி சேமிப்பைச் செலவிட்டுக் காப்புப்பொருளை ஆக்கும். வறட்சி நீண்டால் ஆக்குவதற்கு மூலப்பொருளும் இராது, ஆக்கும் நொதிகளும் தளரும், செறிவும் வீழும். எல்லா மூலிகையும் ஒரே வகையில் மறுமொழி கூறுவதும் இல்லை. ஒன்றில் கூடும் பொருள் மற்றொன்றில் குறையலாம். வேரில் கூடியது இலையில் கூடாதிருக்கலாம். இளஞ்செடிக்கும் முற்றிய செடிக்கும் வேறுபாடு உண்டு.

மிதம் எதுவென அறிந்து பயன்கொண்ட உழவரும் தமிழகத்தில் உளர். ஆவாரையின் இனமாகிய நிலவாகையை நெல்லைச் சீமையில் மானாவாரியாகப் பயிரிடுவர். திருநெல்வேலிச் சென்னா என்னும் பெயரால் அது உலகச் சந்தையை எட்டியது. நீர் தேங்கினால் அச்செடி கெடும். நீரே இல்லையெனின் விளையாது. இரண்டிற்கும் இடைப்பட்ட வழியே உழவரின் கல்வி.

மருந்து என்று மனிதன் பெயரிட்டது செடியின் பார்வையில் முற்றுகைக்காலச் செலவு. கோட்டைக் களஞ்சியத்தின் கடைசி நெல்மூட்டையைப் போன்றது அது. வறட்சியில் வீரியம் மிகுதியெனக் கருதி அப்போது வேரோடு அகழ்பவர், செடி தன்னைக் காக்கச் சேர்த்ததையும், மழைக்குப்பின் துளிர்க்க வைத்திருந்ததையும் ஒருசேர எடுத்துவிடுகிறார்.

மருத்துவரும் பறிப்போரும்

செறிவு மாறுவது மருத்துவர்க்கும் சிக்கலே. ஒரு கைப்பிடி என்றும் ஒரு பலம் என்றும் கூறும் அளவுகள், செடி ஒரே தன்மையில் இருக்கும் என்னும் நம்பிக்கையின்மேல் நிற்பவை. ஊமத்தை, எட்டி போன்ற நஞ்சுடைய மூலிகைகளில் செறிவு ஏறினால் அளவும் ஆபத்தாகும். சித்த மருத்துவர் நிலம் பார்த்தும் பருவம் பார்த்தும் மூலிகை கொள்ள வேண்டும் என வற்புறுத்தியதும், சரக்குகளைச் சுத்தி செய்தே பயன்படுத்தியதும் இம்மாற்றத்தை அனுபவத்தால் அறிந்தமையாலேயே எனலாம். 2008-இல் வெளியான இந்தியச் சித்த மருந்துத் தரநூலின் முதல் தொகுதி, மூலிகைச் சரக்குகளுக்குச் சாம்பல் அளவு, சாறு கரையும் அளவு முதலிய வரையறைகளைத் தந்தது. இவ்வரையறைகள் பழைய அறிவுக்கு மாற்றாக வந்தவை அல்ல. அதற்குத் துணையாக வந்தவை.

பழைய வழக்கில் மூலிகை பறிக்கும் முன் நாள் பார்ப்பர், காப்புக் கட்டுவர், சாப நிவர்த்தி கூறுவர். இவற்றை மூடப்பழக்கம் என ஒதுக்குவோர் உளர். மந்திரத்தின் பயன் எதுவாயினும், பறிக்கும் கை சற்றே தயங்கி நிற்க அச்சடங்கு வழிசெய்தது. இன்றைய சந்தையில் அத்தயக்கத்திற்கு இடமில்லை. 2012-இல் டெங்குக் காய்ச்சல் பரவியபோது தமிழக அரசு நிலவேம்புக் குடிநீரைப் பெருமளவில் வழங்கியது. நிலவேம்பு, வெட்டிவேர், கோரைக்கிழங்கு, பற்படாகம் உள்ளிட்ட ஒன்பது சரக்குகள் சேர்ந்தது அக்குடிநீர். மக்கள் சித்த மருத்துவத்தின்பால் திரும்பியது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் தேவை ஒரே ஆண்டில் பன்மடங்காகும். செடியோ தன் காலத்தில்தான் வளரும்.

பறிப்போர்மேல் பழி சுமத்துவதும் முறையன்று. வறண்ட ஆண்டில் வயலில் கூலிவேலை இராது. மூலிகை அறிவு வழிவழி வந்த இருளர் முதலிய மக்களுக்குக் காட்டுச் சரக்கே அப்போது கைகொடுக்கும். குன்றுக்கும் வறட்சி, குடிசைக்கும் வறட்சி. இரண்டும் ஒரே மாதத்தில் வருகின்றன. செடி தாங்க இயலாத பருவத்திலேயே மனிதனின் தேவையும் உச்சம் அடைகிறது என்பதில்தான் இச்சிக்கலின் முடிச்சு உள்ளது.

முடிச்சு அவிழும் வழி

2016-ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. 2017 சனவரியில் அன்றைய 32 மாவட்டங்களும் வறட்சியால் பாதிக்கப்பட்டவையாக அறிவிக்கப்பட்டன. இதற்கு மாறாக, 2024 டிசம்பர்த் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது செஞ்சிக்குக் கிழக்கேயுள்ள மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சரிந்த பாறையில் அத்தகைய மழை நிற்பதில்லை. இடுக்கிலிருந்த ஒரு சாண் மண்ணையும் அடித்துச் சென்றுவிடும். மழை மிகுந்த ஆண்டிலும் செடிக்கு வறட்சி வரலாம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

செய்யத்தக்கன சில உள. அரசு வறட்சி அறிவிக்கும் ஆண்டில் பயிருக்கு நிவாரணம் கணக்கிடப்படுகிறது. அவ்வாண்டில் குன்றுகளில் வேரும் பட்டையும் எடுப்பதற்கு ஓய்வு அளித்து, அவ்வோய்வால் வருவாய் இழப்போர்க்கு விதை சேகரிப்பு, நாற்றங்கால் வளர்ப்பு ஆகிய பணிகளில் கூலி வழங்கலாம். அவர்களைவிடச் செடியை அறிந்தோர் எவரும் இலர். 1993 முதல் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் ஆகிய மாநிலங்களில் வனத்துறைகளின் துணையோடு மூலிகைப் பாதுகாப்புப் பகுதிகள் அமைக்கப்பட்ட முன்மாதிரி உண்டு. காட்டிலேயே வைத்துக் காத்தல் என்னும் அந்நெறி சிறு குன்றுகளுக்கும் பொருந்தும்.

கோட்டைச் சுவரைக் காப்போர் அதில் முளைக்கும் செடியைக் களைவது தவிர்க்க இயலாதது. வேர் கல்லைப் பிளக்கும். ஆயினும் சுவர் வேறு, சரிவு வேறு. மதிலில் களையாவது மலைச்சரிவில் மருந்தாகும். உலகப் பாரம்பரியச் சிறப்பினால் பெருகும் பயணிகளுக்கு, மதிலின் வரலாற்றோடு சரிவின் மூலிகைகளையும் அறிமுகம் செய்யும் பலகைகள் சில நிறுவினால் இரண்டும் வாழும்.

இல்லத்தின் அளவில் செய்யத்தக்கதும் உண்டு. பிரண்டைக்கு ஒரு கணுவும், சீந்திலுக்கு ஒரு துண்டுத் தண்டும், கற்றாழைக்கு ஒரு பக்கக்கன்றும் போதும். வீட்டு வேலியில் வளரும் ஒவ்வொரு கொடியும் குன்றில் ஒரு கொடியை விட்டுவைக்கும்.

இலக்கிய வட்டம் ஒன்றிற்கு இதில் என்ன பணி என்று வினவலாம். ஆய்வகம் செய்ய இயலாத ஒன்றை அதுவே செய்ய இயலும். ஒரே செடிக்கு ஊருக்கொரு பெயர் வழங்குகிறது. ஒரு பெயர் பல செடிகளைச் சுட்டுகிறது. வாடலின் படிகளைக் குறிக்கச் செஞ்சி வட்டத்து உழவரும் ஆடு மேய்ப்போரும் இருளரும் வழங்கும் சொற்கள் அகராதியில் ஏறவில்லை. எந்த மாதத்தில் எது துளிர்க்கும், எந்த ஆண்டில் எது துளிர்க்கவில்லை என்னும் நினைவு முதியோரிடம் உள்ளது. அதனைத் தொகுத்தால் தமிழுக்குச் சொல்வளம், தாவரவியலார்க்குச் சான்று, மருத்துவர்க்கு வழிகாட்டி. அடுத்த பத்தாண்டில் இவ்வட்டத்தின் மாணவர்கள் ஆளுக்கொரு சிற்றூரை எடுத்துக்கொண்டால் அது நிறைவேறக்கூடிய பணியே.

பாலை ஒரு நிலையென்று முன்னோர் வகுத்ததில் ஆறுதலும் உண்டு, எச்சரிக்கையும் உண்டு. நிலையாயின் அது மாறும். மழை பெய்தால் முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்புக்குத் திரும்பும் என்பது ஆறுதல். திரும்புவதற்கு மண்ணுக்குள் வேர் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது எச்சரிக்கை. வாட்டத்தில் மருந்தாக்கும் ஆற்றலைச் செடி தானே பெற்றிருக்கிறது. அவ்வாட்டம் தீரும்வரை அதன் வேரை விட்டுவைப்பது மனிதர் செய்ய வேண்டிய மருத்துவம்.